மழைக்கு முந்திய விதை

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் சாலையில், புரட்டாசி பிறந்தும் வெயில் தன் கோடைக் கடுமையை விடாமலிருக்கும் ஒரு முற்பகலில் பிரயாணம் செய்கிற வெளியூர்க்காரர் எவரும், பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் தரிசுக் கரிசலையும், வேலியில்லாமல் பரந்துவிட்ட சீமைக்கருவேலங் காட்டையும், இவற்றுக்கு நடுவே ஒரு பச்சைத் தாள்கூட இல்லாமல் உழுது கிடக்கும் வயல்களையும் பார்த்துவிட்டு, இவ்வாண்டு இந்தச் சீமையில் இன்னும் விவசாயம் தொடங்கவில்லை என்றே முடிவு செய்துகொள்வார். அந்த முடிவு தவறு. அந்த வயல்களில் பலவற்றில் நெல் விதைத்தாயிற்று. இரண்டு விரற்கடை ஆழத்தில், புழுதிக்குள், முளைக்காமலும் மடியாமலும் விதை மழையை எதிர்பார்த்துக் கிடக்கிறது.

ரமண மகரிஷி 1879இல் அவதரித்த ஊர் என்று வெளியுலகம் அறிந்திருக்கும் திருச்சுழி, உழவனுடைய கணக்கில், வருஷத்தில் சொற்ப நாட்களே நீரோடும் குண்டாற்றின் கரையில், கண்மாய்களை நம்பிப் பிழைக்கும் ஓர் ஊர். இப்பிரதேசத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் வந்து விழுகிறது. நெல் என்றால் நாற்றங்கால், தொழி உழவு, நடவு என்று காவிரிக்கரையில் பழகிய கண்ணுக்கு இங்குள்ள நிர்ப்பந்தம் எளிதில் விளங்காது. கண்மாய் நிறைகிறவரை நாற்றுவிடுவதற்குக்கூட நீர் இல்லை. நிறைந்த பிறகு நாற்றுவிட்டு நடலாமென்றால், பயிர் கதிர் வாங்குகிற சமயத்தில் கண்மாய் தரைதட்டிவிடும். ஆகவே இவ்வூர் முன்னோர் ஒரு நடுவழியைக் கண்டார்கள். மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்து, முதல் ஒரு மாத காலம் சோளத்தைப்போலவும் குதிரைவாலியைப்போலவும் மானாவாரியாக வளரவிட்டு, கண்மாயில் நீர் ஏறியபின் மடை திறந்து அதே பயிரை நன்செய்ப் பயிராக மாற்றிக்கொள்வது. புன்செய்யில் பிறந்து நன்செய்யில் விளைகிற பயிர் இது. குழியடிச்சான், சித்திரைக்கார் முதலிய பழைய இரகங்கள் இந்த வாழ்க்கைக்கென்றே இராமநாதபுரத்துச் சீமையில் வளர்ந்தவை. பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009இல் வெளிவந்த அண்ணா (ஆர்) 4 என்ற இரகமும், 100 முதல் 105 நாளில் அறுவடைக்கு வந்து, வறட்சியைத் தாங்குவதால் இவ்வழக்கத்துக்கு இசைவானது.

விதைக்கும் காலம் ஓர் அத்தியாயம், நடவு முறை மற்றோர் அத்தியாயம், எருவும் உரமும் மூன்றாவது அத்தியாயம் என்று பாடப் புத்தகங்கள் பிரித்து வைத்திருக்கின்றன. பிரித்தால்தான் பரீட்சை எழுத முடியும். ஆனால் வானம் பார்த்த பூமியில் இம்மூன்றும் ஒரே விஷயம் என்பதும், இங்கே காலமே ஓர் எருவாக வேலை செய்கிறது என்பதும் என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தை எனக்கு முதலில் ஊட்டியவர் விஞ்ஞானி அல்லர்.

திருச்சுழிக்கு மேற்கே ஒரு வயலில், விதைத்துப் பத்து நாளான புழுதியை விரலால் கிளறி, ஒரு நெல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார் ஒரு பெரியவர். உமி மங்கியிருந்தது, மற்றபடி அது களஞ்சியத்திலிருந்து அப்போதுதான் எடுத்த நெல்லைப்போலவே இருந்தது. "மழை பெய்த பிறகு விதைத்தால் விதை சேதாரம் இல்லையே, ஐயா; எறும்புக்கும் மயிலுக்கும் ஏன் இத்தனை கொடுக்க வேண்டும்?" என்று கேட்டேன். அவர் நெல்லை மறுபடியும் புழுதிக்குள் வைத்து மூடிவிட்டு, "மழைக்கு முந்தி வெதச்சா மொத மழையோட சத்து நெல்லுக்குப் போகும், தம்பி. மழை பேஞ்ச பொறகு வெதச்சா அது கோரைக்குப் போயிரும்" என்றார்.

முதல் மழையின் சத்து என்று அவர் சொன்னதைக் கிராமத்து நம்பிக்கை என்று ஒதுக்கிவிடலாம் என்று அப்போது நினைத்தேன். ஒதுக்க முடியவில்லை. எச். எஃப். பர்ச் என்ற மண்ணியல் அறிஞர், கென்யாவில் பரிசோதனை நடத்தி, 1958இல் வெளியிட்ட கட்டுரையில் சொன்ன செய்தி ஏறக்குறைய அதுவேதான். மண்ணை நன்றாகக் காயவிட்டுப் பிறகு நனைத்தால், நனைந்த சில மணி நேரத்துக்குள்ளாகவே அதிலிருந்து கரியமிலவாயு பெருக்கெடுத்து வெளிவருகிறது. அதைத் தொடர்ந்து, எப்போதும் ஈரமாகவே இருக்கும் மண்ணில் காணாத அளவுக்குத் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், பயிர் உண்ணத்தக்க ரூபத்தில் விடுபடுகிறது. மண் எவ்வளவுக்கெவ்வளவு நீடித்துக் காய்ந்ததோ அவ்வளவுக்கவ்வளவு இந்தப் பெருக்கும் அதிகம். பர்ச் விளைவு என்று இன்று உலகமெங்கும் இதற்குப் பெயர். ஒரு பலப் புழுதி கால் பலமாகச் சுண்டும்படி உணக்கினால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்ற கருத்தை வள்ளுவர் உழவு அதிகாரத்தில் வைத்திருப்பதை நினைவூட்ட வேண்டியதில்லை. நம்மவர்கள் அதை உழவின் பெருமையாகவே படித்தார்கள், மண்ணின் ரசாயனமாகப் படிக்கவில்லை.

இந்த அதிசயத்தைப் பார்க்கப் பரிசோதனைச் சாலை தேவையில்லை. சித்திரை வெயிலில் காய்ந்த கரிசல் கட்டி ஒன்றை, எலுமிச்சம்பழப் பிரமாணத்தில் எடுத்து, ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் மெதுவாக விடுங்கள். கட்டியின் நுண்ணிய துவாரங்களில் அடைபட்டிருந்த காற்றை நீர் நெருக்கித் தள்ள, குமிழிகள் சரஞ்சரமாக எழும். கட்டியின் ஓரங்கள் உதிரும். சிறிது நேரத்தில் கல்லைப்போலிருந்த அது தம்ளரின் அடியில் ஒரு குவியல் பொருக்காகிவிடும். முகர்ந்தால் முதல் மழையின் வாசனை. வயலில் நடப்பதும் இதுதான். பொருக்குகள் உடைய, அவற்றின் உட்புறத்தில் நுண்ணுயிர்களின் கைக்கு எட்டாமல் பதுங்கியிருந்த மக்குப்பொருள் வெளிப்படுகிறது. கோடை வெயிலில் கோடிக்கணக்கில் மடிந்த நுண்ணுயிர்களின் உடலே பிழைத்தவற்றுக்கு விருந்தாகிறது. அந்த விருந்தின் மிச்சம் அம்மோனியமாகவும், பின் வேறு வகைப் பாக்டீரியாக்களின் உழைப்பால் நைட்ரேட்டாகவும் மாறி மண்ணீரில் கலக்கிறது. பொன்னேர் பூட்டிச் சித்திரையில் கோடை உழவு செய்யும் வழக்கத்துக்கும், மேல்மண்ணைப் புரட்டி வெயிலுக்குக் காட்டுவதற்கும், களை கொல்வதைத் தவிர இந்தப் பிரயோஜனமும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். காய்ந்து நனைந்த மண் புதிதாக எதையும் சிருஷ்டித்துவிடுவதில்லை. முன்பே சேமித்து வைத்திருந்த மக்கிலிருந்து ஒரு பகுதியை எடுத்துச் செலவழிக்கிறது. அது வட்டிப் பணமா, முதலில் கை வைத்ததா என்பது, விவசாயி திருப்பிச் செலுத்துவதைப் பொறுத்தது. இப்பக்கத்து மானாவாரி நிலங்களில் பெரும்பாலானவற்றில் அங்ககக் கரி நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவு. கையிருப்பு அவ்வளவுதான்.

நைட்ரேட் என்பது மண்ணோடு ஒட்டாத சரக்கு. களிமண்ணின் மின்னேற்றம் அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நைட்ரேட்டை விட்டுவிடும். ஆகவே முதல் மழையில் பிறந்த நைட்ரேட்டை அந்த இரண்டொரு வாரத்துக்குள் ஏதேனும் ஒரு வேர் உண்டாக வேண்டும்; இல்லையேல் அடுத்த மழை அதைக் கீழே இறக்கிவிடும், அல்லது அதைவிட மோசமாக, வயலில் நீர் கட்டியவுடன் பிராணவாயு அற்ற சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் அதைச் சுவாசித்து வாயுவாக்கி ஆகாயத்துக்கே அனுப்பிவிடும். புரட்டாசியில் புழுதி விதைத்தவனுடைய நெல், முதல் நல்ல மழையில் முளைத்து, இந்தச் சத்து பெருகும் வேளையில் வேர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஐப்பசியில் கண்மாய் நிறைந்த பிறகு தொழி உழுது நடுகிறவனுடைய வயலில், அதே சத்தை முதலில் கோரையும் அறுகும் உண்கின்றன. அவற்றை மடக்கி உழுதால் ஒரு பகுதி திரும்பி வரும். மீதி நைட்ரேட்டாக இருக்கையில் சேற்றில் அகப்பட்டு நஷ்டமாகும். பெரியவர் கோரையைச் சொன்னது சரி. ஆகாயத்தைச் சொல்ல அவருக்கு அவசியம் நேரவில்லை.

ஆனாலும் எவ்வளவு முந்தினாலும் நல்லது என்பதில்லை. ஆடியிலேயே விதைத்துவிட்டு, வெப்பச்சலன மழை ஒன்று வந்து விதையை எழுப்பிவிட்டு மூன்று வாரம் முகங்காட்டாமல் போனால், முளைத்தது அத்தனையும் கருகிப் போகும். விதையோடு அந்த மழையில் விடுபட்ட சத்தும் வீண். இதற்காகவே விதையை மேலாகத் தூவாமல், சிறு தூறல் எட்டாத ஆழத்தில் கொழுவின் பின்னாலோ விதைப்புக் கருவி கொண்டோ இடுகிறார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கரைத்த நீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி, விதையைக் கடினப்படுத்திக்கொள்வதும் உண்டு. எக்டேருக்கு 75 கிலோ விதை என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் சிபாரிசு செய்வதில் எறும்புக்கும் மயிலுக்குமான பங்கும் அடக்கம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி மடை திறந்தபின் நடப்பதைப் பார்ப்போம். நீர் கட்டிய நெல்வயல் ஒரு தனி உலகம். அந்த உலகத்தை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் இருவர் நம் கோயம்புத்தூரில் இருந்தவர்கள் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். டபிள்யூ. எச். ஹாரிசனும் பி. ஏ. சுப்பிரமணிய அய்யரும், 1913 தொடங்கி வெளியிட்ட கட்டுரைகளில், சேற்றிலிருந்து எழும் குமிழிகளைச் சேகரித்து அவற்றில் மீத்தேனும் நைட்ரஜனும் இருப்பதைக் காட்டினார்கள். சேற்றின் மேல் படரும் பாசிப் படலம் பிராணவாயுவை வெளியிட்டு நெல்லின் வேருக்கு உதவுகிறது என்பதையும் சொன்னார்கள். அந்தப் பாசியிலேயே நீலப்பச்சை வகை, ஆகாயத்து நைட்ரஜனைப் பிடித்து வயலுக்குக் கொடுக்கிறது என்று 1939இல் பி. கே. டே நிரூபித்தார். இலங்கையில் பிறந்து, பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய பொன்னம்பெருமா, மூழ்கிய மண்ணின் ரசாயனத்தைப் பற்றி 1972இல் எழுதிய நீண்ட கட்டுரைதான் இத்துறைக்கு இன்றும் ஆதார நூல்போல் விளங்குகிறது. நீர் கட்டிய சில வாரத்தில், புளித்த மண் ஆனாலும் காரமான மண் ஆனாலும் நடுநிலையை நோக்கி நகர்கிறது என்பது அதில் வரும் முக்கியமான உண்மை. கார அமில நிலை 8க்கு மேல் நிற்கும் நமது கரிசல், நீரடியில் சேரும் கரியமிலவாயுவால் ஏறக்குறைய 7க்கு இறங்கி வருகிறது. சுண்ணாம்பிடம் சிறைப்பட்டிருந்த மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், அப்போது ஓரளவு கரைந்து வேருக்குக் கிடைக்கிறது.

இந்த மாற்றத்தைக் கண்ணால் காண விரும்புகிறவர் ஐப்பசியில் இப்பக்கம் வர வேண்டும். முளைத்து இருபது நாளான புழுதி நெல், சுக்கான் கல் கலந்த கரிசலில் பல இடங்களில் வெளிறிப்போய் நிற்கும். புதிய இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் இருக்கும். தழைச்சத்துக் குறை என்று எண்ணி யூரியாவை வீசுகிறவர் உண்டு. உண்மையில் அது இரும்பின் குறை. மண்ணில் இரும்பு ஏராளமாக உண்டு. ஆனால் காற்றோட்டமும் சுண்ணாம்பும் உள்ள மண்ணில் அது துருவாகக் கிடக்கிறது, வேரால் உறிஞ்ச இயலாது. நூற்றுக்கு ஒரு பங்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலை இலையில் தெளித்தால் பயிர் தேறும். கண்மாய்த் தண்ணீர் வந்துவிட்டால் அதுவும் வேண்டியதில்லை. நீரடியில் துரு கரையும் இரும்பாக மாற, மடை திறந்த பத்துப் பதினைந்து நாளில் அதே வயல் கரும்பச்சையாகும். நீர் என்பது தாகத்துக்கு மட்டுமே என்று நினைப்பவர் இந்த ஒரு காட்சியைப் பார்த்தால் போதும். துத்தநாகம் மட்டும் எதிர்த்திசையில் நடக்கிறது: நீர் கட்டினால் அது இன்னும் அரிதாகிறது. வடக்கே தராய் நிலத்தில் நெல்லை வாட்டிய கைரா நோய்க்குக் காரணம் இதுவே என்று 1966இல் பந்த்நகரில் நேனே என்ற விஞ்ஞானி கண்டுபிடித்த பிறகுதான், எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் இடும் பழக்கம் நாடெங்கும் பரவியது.

நடவா, புழுதி விதைப்பா என்ற சர்ச்சையில் நான் ஒரு கட்சியைச் சேர்ந்தவனல்லன். மண்ணைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்பேன். தொழி உழவு மண்ணின் பொருக்கு அமைப்பைக் குலைத்துக் குழம்பாக்குகிறது. கலப்பையின் அடியில் ஓர் இறுகிய தளத்தை உண்டாக்குகிறது. நீரை ஓட்டை வாளிபோல் இழக்கும் செம்மணல் பாங்கான கண்மாய்ப் பாசன நிலத்துக்கு இது உபகாரம். ஆனால் நனைந்தவுடன் தானே உப்பித் தன் வெடிப்புகளைத் தானே அடைத்துக்கொள்ளும் கரிசலுக்குத் தொழி எதற்கு? நெல்லுக்குப் பின் பயறோ பருத்தியோ மிளகாயோ அங்கே போடும்போது, குழம்பிக் காய்ந்து கல்லாகிவிட்ட அந்த மண்ணைப் பொருக்காக்க உழவன் படும் பாடுதான் மிச்சம். புழுதி விதைப்பில் மண்ணின் கட்டமைப்பு குலையாமல் நிற்கிறது. 1983இல் மடகாஸ்கரில் பாதிரியார் லொலானியே வகுத்து, பின்னர் நம் நாட்டில் திருந்திய நெல் சாகுபடி என்று பெயர் பெற்ற முறையை, இளம் நாற்றை ஒற்றையாக நடுவதை, சிலர் இங்கும் சிபாரிசு செய்கிறார்கள். கிணற்றில் நம்பகமான நீர் உள்ளவருக்கு அது நல்ல முறை. பதினான்கு நாள் நாற்றைச் சொன்ன நாளில் நட வேண்டிய முறையைச் சொன்ன நாளில் வராத மழையோடு சேர்த்துவைப்பது சிரமம்.

எருவுக்கு வருவோம். ஒரு டன் நெல் விளைய மண்ணிலிருந்து 15 முதல் 20 கிலோ தழைச்சத்து போகிறது. சாம்பல் சத்தும், அதாவது பொட்டாசியமும், ஏறத்தாழ அவ்வளவே, ஆனால் அதில் பெரும்பகுதி மணியில் அல்ல, வைக்கோலில் இருக்கிறது. வைக்கோல் தொழுவத்துக்குப் போய்ச் சாணமாகத் திரும்பி வந்த காலத்தில் கணக்கு ஒருவாறு நேராயிற்று. உழவுமாடு குறைந்து, வைக்கோல் கட்டுக் கட்டாக லாரியேறும் இக்காலத்தில், அது திரும்பி வராத ஏற்றுமதி. கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கி ஒரு நூற்றாண்டுக்கு மேல் நடந்துவரும் நிரந்தர உரப் பரிசோதனையில், தொழுவுரம் பெற்றுவந்த பாத்திகளின் மண்ணில் அங்ககக் கரி, ஒன்றுமே பெறாத பாத்திகளில் உள்ளதைவிட மிகுதியாக நிற்பது, வேறு யாரும் சொல்லித் தெரிய வேண்டாத சாட்சி.

இந்தச் சீமையில் எரு என்பது பெரும்பாலும் கிடையும் கரம்பையும்தான். கோடையில் கீதாரிகள் என்னும் மேய்ப்பர்களின் ஆட்டுக்கிடை இரவு தோறும் இடம் மாறி வயலில் அமரும். புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடத்தை உடனே உழுது மூடினால் மூத்திரத்தின் தழைச்சத்து ஆவியாகாமல் நிலைக்கும், இரண்டு வாரம் வெயிலில் விட்டால் அம்மோனியாவாக நாற்றமடித்துப் போய்விடும். கரம்பை என்பது கண்மாய் வண்டல். மேட்டு நிலத்திலிருந்து மழை அரித்துக்கொண்டு போன களியும் மக்கும் கண்மாயில் தங்குகின்றன, அதையே வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவருவது ஒரு வகையில் திருட்டுப் போன சொத்தை மீட்பதாகும். 2017இல் அரசு விவசாயிகள் வண்டலைக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழி செய்தது. செம்மண்ணுக்குக் கரம்பை அமிர்தம். ஏற்கனவே களியான கரிசலுக்குக் கரம்பையைக் கொட்டுவது பணச் செலவு.

தொழுவுரம் சொற்பமாக உள்ளவருக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் உபாயம் ஒன்று உண்டு. எக்டேருக்கு 750 கிலோ மக்கிய எருவில், 25 கிலோ மணிச்சத்துக்கு வேண்டிய சூப்பர் பாஸ்பேட்டைக் கலந்து, ஈரமாக்கி மூடிவைத்து, ஊட்டமேற்றிய பின் விதைப்பின்போது இடுவது. சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் மணிச்சத்தைத் தனியே இட்டால் சுண்ணாம்பு அதைப் பிடித்து இறுக்கிவிடும்; மக்கோடு கலந்து போனால் அந்தப் பிடி தளர்கிறது. தழைச்சத்தை விதைப்போடு இடலாகாது. முதல் மழையின் சத்து அப்போது இருக்கிறது. முளைத்து 20 முதல் 25 நாளிலும், மறுபடி 40 முதல் 45 நாளிலும், ஈரம் இருக்கையில் மட்டும், 25 கிலோ வீதம் பிரித்து இடுவது முறை. காய்ந்த கரிசலின் மேல் யூரியாவை வீசிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருப்பவர், அதில் ஒரு நல்ல பகுதியைக் காற்றுக்குத் தானம் செய்கிறார். 2015 முதல் நாட்டில் யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்தப் பூச்சு அம்மோனியம் நைட்ரேட்டாவதைத் தாமதப்படுத்துமே தவிர, காரமண்ணின் மேற்பரப்பில் யூரியா அம்மோனியாவாகப் பறப்பதைத் தடுக்காது.

எவ்வளவு உரம் வேண்டும் என்பதற்கு ஊருக்குப் பொதுவான விடை கிடையாது. ஒரே கண்மாயின் மேல்மடைக்கும் கீழ்மடைக்கும் மண் வேறு. அருப்புக்கோட்டையை அடுத்த கோவிலாங்குளத்தில் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களும் உள்ளன. சித்திரை வைகாசியில், வயல் தரிசாகக் கிடக்கும்போது, மேலே உள்ள சருகை விலக்கிவிட்டு, பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' எழுத்துப்போல 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் இரு பக்கமும் சுரண்டிய மண்ணைக் கலந்து, நான்காகப் பங்கிட்டு எதிரெதிர்ப் பங்குகளை ஒதுக்கி ஒதுக்கி, அரை கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கொண்டுபோய்க் கொடுங்கள். வரப்போரத்திலும், மர நிழலிலும், எருக்குவியல் இருந்த இடத்திலும், சமீபத்தில் கிடை அமர்ந்த இடத்திலும் மண் எடுக்க வேண்டாம்.